மூன்றாம் பகுதி மட்டும்

சொல்லிவிடுகிறேன்:
டேன் ஒலெக்சினை நான் பார்த்தது
மொத்தம் பத்தொன்பது நிமிடம்.

பெண் பார்க்கப் போவார்களே, அதுபோல
பையன் பார்க்கப் போவது என் தொழில்.
ஐஸ் ஹாக்கி கிளப்புக்காக, மாதச் சம்பளத்துக்கு,
பெட்ரோல் பில் தனி.

சஸ்கட்டூனிலிருந்து பிரின்ஸ் ஆல்பர்ட்
ஒன்றரை மணி நேரம்.
அன்று ரோஸ்தர்ன் அருகே
கோதுமை லாரி ஒன்று குறுக்கே சாய்ந்து கிடந்தது.
வைப்பர் உறைந்து, பிளாஸ்கில் தேநீர் தீர்ந்து,
அரங்கின் கதவை நான் தள்ளித் திறந்தபோது
இரண்டு பகுதி முடிந்து மூன்றாவது தொடங்கியிருந்தது.

பதினேழு வயது. சட்டையில் இருபத்தாறு.
வந்த வேகத்தில் மூன்று கோல்.
மூன்றாவது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது:
கோலி இடப்பக்கம் விழுகிறான்,
பக் வலப்பக்கம் போகிறது,
இவன் நடுவில்
ஒன்றும் தெரியாதவன்போல் நிற்கிறான்.

மோட்டல் அறையில் ஹீட்டர் இருமிக்கொண்டிருக்க
அறிக்கை எழுதினேன்.
கை: வெண்ணெய்.
கண்: பருந்து.
கால்:
இங்கே பேனா நின்றது.
அவன் காலை நான் சரியாகப் பார்க்கவில்லை.
'போதும்' என்று போட்டேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
எடுத்தேன், நசுக்கினேன், வெந்திருந்தது.
அடியில் பிடித்ததையும்
மேலே அரிசியாகவே நின்றதையும்
அந்த ஒரு சோறு எனக்குச் சொல்லவில்லை.

ஜூன் மாதம். ஒன்பதாவது பெயர்.
அவன் அம்மா துள்ளி எழுந்ததில் கைப்பை கவிழ்ந்து
சில்லறையும் இருமல் மிட்டாயும் படியெங்கும் உருண்டன.
மேடையில் மேலாளர் புதுச் சட்டையை விரித்துப் பிடித்துக் காத்திருக்க
டேன் குனிந்து பொறுக்கினான்.
நிமிர அவனுக்கு
ஒரு கணம் கூடுதலாகப் பிடித்தது.
பார்த்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாவதாகப் போனவன் ஃபின்லாந்து நோஞ்சான்.
பெயர் வேண்டாம்.
என் மகளே அவன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான்
வீட்டுக்குள் திரிகிறாள்.

டேனுக்கு: பதினோரு ஆட்டம், ஒரு கோல்,
இடுப்பில் இரண்டு அறுவை,
பிறகு சின்ன லீக், அதைவிடச் சின்ன லீக்,
பிறகு செய்தியே இல்லை.
ஆண்டுதோறும் டிராஃப்ட் நெருங்கும்போது
கிளப்புகள் கோட்டை விட்ட கதைகளை
தொலைக்காட்சியில் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள்.
அவன் முகம் வரும்.
எழுதிய கை எதுவென்று யாரும் கேட்பதில்லை.
நான் ரிமோட்டைத் தேடுவேன்.

போன மார்ச்சில் மெல்ஃபோர்ட் தாண்டி
ஆணி ஏறி டயர் இறங்கியது.
கண்ணுக்கெட்டியவரை ஒரே கடை.
கிரீஸ் படிந்த மேலங்கியில்
'டேன்' என்று சிவப்பு நூலில் தைத்திருந்தது.

பின்பக்கம் வலது மட்டும்தான், என்றேன்.
பதில் இல்லை.
காரை உயர்த்தினான்.
நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகச் சுழற்றி
உள்விளிம்பில் விரலை ஓட்டினான்.
காரின் அடியிலிருந்தே பேசினான்:

"அந்த நீலத் தொப்பிதானே நீங்கள்?
கதவு திறந்து குளிர் வந்ததும் திரும்பிப் பார்த்தேன்.
அதுவரை பெஞ்சில்தான் இருந்தேன். இடுப்பு.
உங்கள் கையில் நோட்டுப் புத்தகம் தெரிந்தது.
கோச்சிடம் கெஞ்சி இறங்கினேன்."

நான் சொல்ல நினைத்தது
நாக்கு நுனிவரை வந்தது.
அதற்குள் கம்ப்ரசர் ஓடத் தொடங்கிவிட்டது.

நாற்பத்தைந்து டாலர், வரி தனி.
மீதியை எண்ணிக் கையில் வைத்தபின் சொன்னான்:
"முன்பக்கம் இடது, உள்ளே தேய்ந்திருக்கிறது.
நின்று பார்த்தால் தெரியாது."

சஸ்கட்டூன்வரை
எண்பதைத் தாண்டவில்லை நான்.